கேம் பெட்டிக்குப் பெரியம்மா வைத்த பொட்டு

பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருக்கும் அறையில் ஒரு டிவியும் ஒரு கேம் பெட்டியும் உண்டு. கட்டில் மூன்றுதான். புதிதாக ஒரு கேம் வந்துவிட்டால், வேலை முடிந்து வந்தவன் குளிப்பதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். கதை ரொம்ப இழுக்கிறது என்பான் ஒருவன். மழை பெய்யும்போது ரோட்டில் விளக்கு பளபளக்கிறதே, அதைப் பார்ப்பதற்கே வாங்கலாம் என்பான் இன்னொருவன். கடைசியில் என் பக்கம் திரும்புவார்கள்.

"நீ சொல்லு லா. நீ சொன்னாத்தான் விளையாடவே தோணுது."

எனக்கு விளையாட்டு சுமாராகத்தான் வரும். சொல்ல வரும். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் போயிற்று. அதற்குப் பிறகு காப்பாரில் மீன் பெட்டி ஏற்றினேன், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் நின்றேன், ஜொகூர் பக்கம் போய்த் திரும்பினேன். எங்கேயும் ஒரு சான்றிதழும் சேரவில்லை. ஆனால், விளையாடிய கேமை அதைப் பார்க்காத ஆளுக்குக் கண்ணில் தெரிகிற மாதிரி சொல்லும் வேலையை மட்டும் ஒன்பது வயதிலேயே கற்றுக்கொண்டேன். கிள்ளானில், பெரியம்மாவின் கைபேசியில்.

அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பந்திங்குக்கு உள்ளே ஒரு தோட்ட வீட்டில் இருந்தோம். ஒரு மழை நாளில் லோரி சறுக்கிக் கால்வாயில் இறங்கியது. அப்பாவின் வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. எலும்பைச் சேர்த்துவிட்டார்கள், புண்தான் ஆறவில்லை. கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவும் நானும் பெரியம்மாவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் பள்ளிக்கூடம் பந்திங்கில், நான் கிள்ளானில். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

அம்மா மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு பஸ் ஏறிப் போய்விடுவார். என்னைக் கூட்டிப்போக முடியாது. சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஒருமுறை போய்க் கீழே காவலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதான்.

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், துறைமுகத்துக் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்த்தார். நண்பர் ஒருவரிடமிருந்து பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மேல் மூடியைத் திறந்து வட்டு போடும் பெட்டி. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய வட்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. அண்ணனும் கூட்டாளிகளும் மாடிப்படியில் உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேசுவார்கள். "கிராபிக்ஸ் செம லா, கண்ட்ரோல்தான் கட்டை", "கடைசி பாஸோட சண்ட ஒன்னுமே இல்ல, ஏமாத்திட்டான்" என்று நீதிபதிகள் மாதிரி தீர்ப்புச் சொல்வார்கள். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து அந்தப் பாஷையைப் பழகினேன். அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில் விளையாட எனக்கு அனுமதி இருந்தது. பந்தாட்டக் கேமில் அவர் சேமித்து வைத்திருந்த கணக்கை அழிக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை.

நான் பிடித்துக்கொண்ட கேம் ஜப்பான் பாஷையில் இருந்தது. எழுத்து ஒன்றும் புரியாது. சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய ஒரு மீனவப் பையன், காணாமல் போன தன் படகைத் தேடித் தீவு தீவாகப் போகிறான். அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். உண்மையில் அவன் வேறு எதையோ தேடியிருக்கலாம்.

மாலை டீக்குப் பெரியம்மா தண்ணீர் வைக்கும் நேரத்தில் கைபேசி அடிக்கும். தினமும் அதே நேரம். அம்மாதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பார்.

"இந்தா, அப்பா பேசணுமாம். இன்னிக்கு என்னா விளையாடுனன்னு சொல்லு."

அப்பா வீட்டில் இருந்த காலத்தில் என்னிடம் அதிகம் பேசியவர் இல்லை. இப்போது தினமும் கேட்டார். எந்தத் தீவு, என்ன மிருகம், எப்படித் தப்பித்தான் என்று எல்லாம் வேண்டும். நான் ஓர் இடத்தில் நிறுத்தினால், "ம்... அப்புறம்... அப்புறம்..." என்று மூச்சு வாங்குவார். சண்டை வரும் இடத்தில் "ஆ!" என்று சத்தம் போடுவார். என் அப்பாவுக்குக் கேம் இவ்வளவு பிடிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நாலாவது தீவில் ஒரு கயிற்றுப் பாலம். நடுவில் போகும்போது ஒரு பெரிய பறவை வந்து பையனைத் தட்டிக் கடலில் தள்ளிவிடும். நாள் கணக்காக அங்கேயே விழுந்துகொண்டிருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, திக்கித் திக்கிச் சொன்னார்.

"ஓடாத. லோரி திரும்புறப்ப... டிரைவருக்கு ஒரு பக்கம் தெரியாது. பறவையும் திரும்பும் இல்ல? அது திரும்புறப்ப... தெரியாத பக்கமா போ."

அந்த வாரம்தான் அம்மா சமையலறையில் பெரியம்மாவிடம் மெல்லிய குரலில் சொன்னார். வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் புண்ணைப் பார்ப்பாராம். இதற்கு மேலும் கருத்துக்கொண்டு போனால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்களாம். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காலில்லாத டிரைவருக்கு லோரி இல்லை. லோரி ஓட்டாதவனுக்கு அந்தத் தோட்ட வீடும் இல்லை. இது எனக்குத் தெரியும். அந்த வயதில் இதைவிட நன்றாகத் தெரிந்தது, நான் இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை என்பது.

அதற்குள் சரஸ்வதி பூசை வந்தது.

பெரியப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பெரியம்மா காலையிலேயே கீழே இறங்கி வேனுக்கு மாலை போட்டு, இரண்டு முன்விளக்குகளிலும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் வைத்தார். மேலே சாமி மேடையில் பெரியம்மாவின் தையல் கத்தரிக்கோல், அண்ணனின் மோட்டார் சாவி எல்லாம் வரிசையாக ஏறின. என் புத்தகங்கள் பந்திங்கில் இருந்தன. வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. நான் சும்மா நிற்பதைப் பெரியம்மா பார்த்தார்.

"தெனம் அப்பாகிட்ட அவ்ளோ பேசுறியே, எதப் பாத்துப் பேசுற? அந்தப் பொட்டிதான? கொண்டா."

கேம் பெட்டி சாமிக்கு முன்னால் போனது. பூசையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. நான் அன்று அப்பாவிடம், மீனவப் பையன் சாமி கும்பிடப் போயிருக்கிறான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் பெட்டியை எடுத்து இணைத்து வட்டைப் போட்டேன். உள்ளே சுற்றுகிற சத்தம் கேட்டது. டிவி கறுப்பாகவே இருந்தது. மறுபடி போட்டேன். கறுப்பு. மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தேன். வட்டைப் படிக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல் காய்ந்த சந்தனம். அதன் நடுவில் அளவாக, அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

"பெரியம்மா! இங்க எதுக்குப் பொட்டு வெச்சீங்க?"

"அதுதானடா அதுக்குக் கண்ணு? வேனுக்கு லைட்டுல வெக்கல?"

"வேன் லைட்டால பாக்காது பெரியம்மா!"

"லைட்டு இல்லாம உங்க பெரியப்பாவ ஓட்டச் சொல்லு பாப்போம்."

என் முகம் போன போக்கைப் பார்த்து, பெரியம்மா ஈர முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வந்து துடைத்தார். பொட்டு கரைந்து கண்ணாடி முழுவதும் பரவியது. முன்பு ஒற்றைப் பொட்டாக இருந்தது, இப்போது பெட்டிக்கே கண்வலி வந்த மாதிரி சிவந்துவிட்டது.

டீத்தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. கைபேசி அடித்தது. அண்ணனிடம் வாங்கப்போகிற அடி ஒரு பக்கம். அப்பாவிடம் சொல்ல ஒன்றுமே இல்லை என்பது இன்னொரு பக்கம்.

"அப்பா, இன்னிக்கும் விளையாடல."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவரின் மூச்சு. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏ... ஏன்?"

"பெரியம்மா கேம் பொட்டி கண்ணுல பொட்டு வெச்சிட்டாங்க."

"எங்க?"

"கண்ணுலப்பா. சந்தனம் பூசி, நடுவுல குங்குமம். வேனுக்கு லைட்டுல வெச்ச மாதிரி. இப்ப அதுக்குக் கண்ணு தெரியல."

ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார். நிறுத்த முடியாமல் சிரிக்கிறார். பின்னால் அம்மாவும் சிரிப்பது கேட்டது. மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி ஒருவர், "ஜாங்கான் கெராக், பாக்சிக்!" என்று அதட்டினார். சும்மா படுத்திருக்கும் மனுஷனை 'அசையாதீங்க' என்று எதற்கு அதட்டுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. அப்பா மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வேனிலிருந்து தொடங்கி, பெரியம்மா பேசின மாதிரியே பேசி, முந்தானையோடு முடித்தேன். பெரியம்மா அடுப்பருகில் கரண்டியை ஓங்கிக்கொண்டு நின்றார், ஆனால் அவருக்கும் உதடு துடித்தது.

அண்ணன் வந்ததும் மூடியைத் திறந்து பார்த்தார். அவர் முகமும் சிவந்தது.

"யாரு செஞ்சது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா முந்திக்கொண்டார். "நான்தான். வருசத்துல ஒரு நாளு சாமிக்குக் காட்டுனா கெட்டுப்போற சாமான எதுக்குடா வாங்குன?"

அண்ணன் என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், சாமி மேடையையும் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று முடிவாகாமல் காது குடையும் பஞ்சுக் குச்சியும் ஸ்பிரிட்டும் கேட்டார். நகையைத் துடைக்கிற மாதிரி துடைத்தார். வட்டைப் போட்டோம். அது சுற்றியது. கொஞ்ச நேரம் கறுப்பு. பிறகு கடல் வந்தது, கடலில் அலை வந்தது, சிவப்புத் துணி கட்டிய பையன் கரையில் நின்றான். நான் விட்ட மூச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"சாமி காப்பாத்திருச்சு பாத்தியா?" என்றார் பெரியம்மா.

வியாழக்கிழமை அந்தப் பாலத்தில் ஏறினேன். ஓடவில்லை. பறவை வந்தது, கடந்தது, திரும்பியது. அது திரும்பும்போது அதன் தெரியாத பக்கமாக நடந்தேன். அக்கரை வந்துவிட்டது. கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசிக்காகக் காத்திருந்தேன். அது அடித்ததும் பெரியம்மாவுக்கு முன்னால் ஓடி எடுத்து, அம்மா பேசுவதற்குள், "அப்பாகிட்ட குடுங்க!" என்றேன். அன்றைக்கு அப்பாவின் சத்தம் மற்ற நாட்களைவிட அதிகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை கைபேசி அடிக்கவில்லை. டீ ஆறியது. யாரும் குடிக்கவில்லை. இருட்டுவதற்குள் படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலிலேயே நின்று, சோற்றுப் பாத்திரத்தை இறக்காமல் சொன்னார்:

"காலு இருக்குக்கா. செவப்பா சதை வருதாம். எடுக்க வேணாம்னுட்டாங்க."

பெரியம்மா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதார், சிரித்தார், என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டார். நான் நியாயமான ஒரு கேள்வியைத்தான் கேட்டேன்.

"அப்பாவுக்குப் பாலம் தாண்டுனது புடிச்சிச்சாமா?"

"புடிச்சிச்சுடா," என்றார் அம்மா. "ரொம்பப் புடிச்சிச்சு."

பிறகு அப்பா ஊன்றுகோலோடு பெரியம்மா வீட்டுக்கு வந்து சில வாரம் தங்கினார். அண்ணன் மரியாதையாகக் கண்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தார். நான் அந்தப் பாலத்தைப் போட்டுக் காட்டினேன். லோரி ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, உடம்பையும் சேர்த்து வளைத்து, அப்பா நேராகக் கடலில் விழுந்தார். மறுபடி விழுந்தார். பிறகு கண்ட்ரோலரை என்னிடம் நீட்டினார்.

"இவ்ளோ சின்னப் பாலமா? நீ சொன்னப்ப ரொம்ப நீளமா இருந்துச்சேடா."

அதற்குப் பிறகு அவர் எந்தக் கேமைப் பற்றியும் என்னிடம் கேட்டதில்லை. அவருக்கு ஆர்வம் போய்விட்டது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். கொஞ்சம் நொண்டி நடந்தாலும் மறுபடி லோரி ஓட்டினார், நாங்கள் பந்திங்குக்குத் திரும்பினோம்.

ஸ்ரீ கெம்பாங்கான் பட்டறையில் என் கை வெந்துபோனபோதுதான், புண்ணுக்கு மருந்து மாற்றுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. ஒட்டிய துணியை உரித்து எடுக்கும்போது கூரையைப் பார்த்து ஏதாவது எண்ணத் தோன்றும். அன்று அம்மா கைபேசியில் கூப்பிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"உங்கப்பாவுக்கு மருந்து மாத்துறப்ப நீ இருந்த. மிஸ்ஸி துணிய எடுக்க ஆரம்பிச்சதும் போனப் போடுவேன். நீ பேசுற வரைக்கும் தாங்குவாரு. உனக்குத்தான் பக்கத்துல யாரும் இல்ல."

அந்த வியாழக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நான் நிற்கிறேன். மீனவப் பையன் பாலத்தின் நடுவில் இருக்கிறான். அப்பா அந்தப் பக்கம் "ஆ!" என்கிறார், "அப்புறம்... அப்புறம்..." என்கிறார். நான் எவ்வளவு நன்றாகச் சொல்கிறேன், அப்பா எவ்வளவு ரசிக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பிடித்திருக்கிறதே, சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அக்கரை கண்ணுக்குத் தெரிந்தும் பையனை இறங்கவிடாமல், இல்லாத பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாலத்தை நீட்டிக்கொண்டே போனேன்.