பெரியம்மா விழுங்காத சோறு

பழங்காநத்தம் வீட்டில் பெரியம்மாவின் எவர்சில்வர் தட்டை நினைத்தால், அதில் காய்ந்து கிடந்த சோறுதான் முதலில் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் யாரும் கத்த மாட்டார்கள். தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்கள். யாராவது வந்து கெஞ்ச வேண்டும், அப்புறம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இறங்கும். நானும் அப்படிக் கெஞ்சவைத்துச் சாப்பிட்டவள்தான். அதனால் பெரியம்மா சாப்பாட்டை ஒதுக்கியதும் எல்லோரும் காரணம் கண்டுபிடித்துவிட்டோம். அழகர்கோவிலில் அவர் தம்பி மகளுக்குக் காதுகுத்து நடந்தது. மச்சினனோடு இருந்த பழைய மனத்தாங்கலில் பெரியப்பா போகவில்லை. அந்தக் கோபம்தான் என்று முடிவுகட்டினோம்.

"கோவமெல்லாம் இல்லடி, முழுங்குனா தொண்டையில கத்திய வச்சு அறுக்குற மாதிரி இருக்கு" என்று பெரியம்மா சொல்லத்தான் செய்தார். டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அதோடு தீர்ந்தது. கோபம் இல்லை என்று கோபக்காரர்கள்தானே சொல்வார்கள்! பெரியம்மா நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார்.

பெரியப்பா வீம்புக்காரர், யார் வாசலிலும் போய் நிற்காதவர். கடைசியில் அவரே மச்சினன் வீட்டுக்குப் போய், ஆளைக் கையோடு அழைத்து வந்தார். "இந்தா, ஒந் தம்பியக் கூட்டியாந்துட்டேன். இன்னும் எம்புட்டு நாளைக்குக் கோவம்? ஒரு வாய் சாப்புடு" என்று தானே சோற்றைப் பிசைந்து ஊட்டினார். பெரியம்மா மறுக்காமல் வாங்கி விழுங்கினார். மறுநொடியே கழுத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தார். துடித்த வேகத்தில் பெரியப்பாவின் கையைத் தட்டிவிட்டார். தரையில் சிதறிய சோற்றைப் பெரியப்பா பொறுக்கி எடுத்துவிட்டு வெளியே போனார். அதன்பின் அவர் சாப்பிடச் சொல்லவே இல்லை. சில வாரங்களில் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். தொண்டை நரம்பில்தான் கோளாறு என்றார் அவர். இன்று பசுமலையில் ஒரு கல்லூரியில் அதையே நான் பாடமாக நடத்துகிறேன். தொண்டையின் உள்தோலில் வலியை உணர்வதற்கென்றே நரம்பு நுனிகள் இருக்கின்றன. மீன்முள் குத்தினாலோ சூடு பட்டாலோ மூளைக்குச் சேதி சொல்வது அவற்றின் வேலை. அந்த நரம்பே கெட்டுப்போனால் வெறும் எச்சிலை விழுங்கினாலும் உயிர்போகும் வலி எடுக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சிவப்புக்கூடத் தெரியாது. பாடத்தின் இந்த இடத்தில் எனக்கு ஆற்றாமையாக வரும்.

அந்த நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு வலி கேட்டது. ஒரு மத்தியானம் பெரியம்மா ரசஞ்சோறு ஒரு வாய் விழுங்கினார். அப்படியே நிறுத்திவிட்டார்.

"வலிக்குதா பெரியம்மா?"

"வலிக்கலடி" என்றவர் உடைந்து அழுதார். "கோவத்துலதான் தட்டிவிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரே அந்த மனுசன். இப்ப நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?"