மாப்பிள்ளை இல்லாத சீதனம்

கொழும்பில் தோட்டம் என்று சொல்லும் ஏழைக் குடியிருப்பு ஒன்று இடிபட்டு அந்த இடத்தில் மாடிக் கட்டடம் எழும்பும் போதெல்லாம், நான் வினாக்கொத்தோடு அங்கே போய் நின்றிருக்கிறேன். வசதியானவர்கள் வந்து சேர, வசதியில்லாதவர்கள் எப்படி ஒரு பகுதியை விட்டுக் கழன்று போகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. முதல் தோட்டத்து ஆட்களைக் குடியெழுப்பியபோது நான் சிரேஷ்ட விரிவுரையாளர் ஆனேன். அடுத்த தோட்டத்தோடு பேராசிரியர். எழும்பிப் போனவர்களுக்கு நான் எழுதியது ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாசித்து விளங்கியிருக்காது. பாதி எனக்கே விளங்காது.

தலைமன்னார்ப் பக்கம், கடற்கரையோரம் எங்கள் வீடு. அம்மா போன பிறகு, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்துக்கு அதை வாடகைக்குக் கொடுத்திருந்தோம். புருஷன் கடலுக்குப் போவார். மனைவி தெருவைப் பார்த்த முன்னறையில் தையல் மெசின் போட்டிருந்தாள். ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபோம் முழுக்க அவள் கைதான்.

அந்தக் கரைக்கு இப்போது வெள்ளைக்காரர் வருகிறார்கள். பெரிய பட்டமொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் பாய்வதற்கு. வலையும் இல்லை, மீனும் இல்லை, பிறகேன் இந்தப் பாடு என்று கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் விருந்தினர் விடுதி திறந்துவிட்டார்கள்.

ஒருநாள் லண்டனிலிருந்து அண்ணா கதைத்தார்.

"உன்ர லெக்சர் எல்லாம் யூடியூப்பில பாத்தனான். நல்லா விளங்கப்படுத்திறாய்."

என் சொந்தக்காரர் ஒருவர் என் ஆய்வைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை.

"கோப்பிக்கடை வந்தா அடுத்தது காணி விலை ஏறும் எண்டு நீதானே சொன்னனீ. எங்கட ஊரிலயும் கோப்பிக்கடை வந்திட்டுதாம். அந்த ஆக்களை எழுப்பிப்போட்டு வீட்டைக் கெஸ்ட் ஹவுஸ் ஆக்குவம். ரெண்டு பேருக்கும் பொதுச் சொத்து, நீ ஒரு கையெழுத்து வைச்சாக் காணும்."

முப்பது வருடமாக நான் அடித்த அபாயமணி அண்ணாவுக்கு வியாபார ஆலோசனையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாடகைக் குடும்பத்தின் நிலைமையை எடுத்துச் சொன்னேன். வாழ்விட உரிமை, இடப்பெயர்வின் சுமை என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இறக்கினேன். பின்னால் அண்ணி யாருக்கோ தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "அது சரி, கையெழுத்து எப்ப வைக்கிறாய்?" என்றார் அண்ணா.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "அது என்ர சீதன வீடு. அம்மா எனக்கெண்டு வைச்சது."

"கலியாணம் கட்டாதவளுக்கு என்ன சீதனம்?"

"மாப்பிள்ளை இல்லாதபடியா நகை, நட்டு, காசு ஒண்டும் கேக்கயில்ல. உங்களுக்கு லாபம்தானே அண்ணா. வீட்டை மட்டும் எழுதுங்கோ."

சீதனத்துக்கு எதிராக மேடை மேடையாகப் பேசியவள் நான். ஆனால் என் கட்டுரைகள் செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. அன்று தேநீர் குடித்தவர் மூலம் லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ச் சனத்துக்குக் கதை போய்விட்டது. தங்கச்சியின் சீதனத்தைத் தின்னவா நிற்கிறாய் என்று கோயில் வாசலில் வைத்து யாரோ கேட்டார்களாம். அண்ணா லீவு போட்டு வந்து, நொத்தாரிசு கந்தோரில் முகத்தை நீட்டிக்கொண்டு, வீட்டை என் பேருக்கு மாற்றிய உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பேராசிரியரானபோதும் வரவில்லை.

அந்த மாதமே எனக்கு ஓய்வும் வந்தது. பல்கலைக்கழகம் தந்த வீட்டைக் காலியாக்கி ஒழித்துக் கொடுத்து, அலுமாரி, கட்டில், புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். திட்டம் தயாராக இருந்தது. முன்னறை எனக்கு, பின் இரண்டு அறையும் அவர்களுக்கு, சமைக்கிற குசினி பொது. அந்த ஏற்பாட்டைப் பற்றி எழுதப்போகும் கட்டுரைக்குத் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

விறாந்தையில் தையல் மெசின் கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்தில் உடுப்பு மூட்டைகளும் சட்டி பானையும். அவள் ஓடிவந்தாள்.

"குறை நினைக்காதீங்கோ அக்கா. உறுதி உங்கட பேருக்கு மாறிட்டுது எண்டு கேள்விப்பட்டவுடனயே கட்டத் தொடங்கிட்டம். இவர் கடலால வரப் பிந்திப் போச்சு. இல்லாட்டி நீங்கள் வர முந்தியே ஒழிச்சுத் தந்திருப்பம்."

"ஆர் உங்களை எழும்பச் சொன்னது? உங்களுக்காகத்தானே நான் அண்ணாவோட சண்டை பிடிச்சனான்!"

"ஓம் அக்கா," என்றாள். அவள் கண் லொறிப் பக்கம் போனது.

நான் திட்டத்தை விளக்கினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம் அக்கா" என்றாள். ஒருவருக்கும் ஒரு பாதிப்பும் வராது என்று நான் சொன்னபோது என் குரலே எனக்குப் பழக்கமானதாகக் கேட்டது. கொழும்பில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிவைத்து அதிகாரிகள் பேசும் குரல். அவர்களுக்கும் சனம் இப்படித்தான் ஓம் சொல்லும்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அப்ப மெசினை எங்க அக்கா வைக்கிறது?"

பின்னறைகளில் வெளிச்சம் இல்லை. தைக்கக் கொடுக்க வருபவர்கள் பின்னால் வரப்போவதும் இல்லை. என் திட்டத்தில் மெசினே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நின்ற இடத்தில் அழுகை வந்தது.

"கயித்தை அவிழுங்கோ," என்றேன். "இருந்த இடத்திலயே வையுங்கோ."

லொறிக்காரர் அதற்குள் அலுமாரியின் ஒரு பக்கத்தை இறக்கத் தொடங்கியிருந்தார். பின்னறை ஒன்றை நான் எடுத்தாலும் அந்தக் குடும்பம்தான் ஒடுங்க வேண்டும். வேண்டாம், திரும்ப ஏற்றுங்கள் என்றேன். மனிதர் முணுமுணுக்காமல் ஏற்றினார். பின்கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டுவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார்.

"எங்க மிஸ் போறது?"

உறுதிப்படி வீட்டுக்காரி நான். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு விலாசம் இருக்கவில்லை.