கிரீஸ் காத்த எண்

நாற்பது வயது தாண்டிய என் ஜீப்பை, காரைக்குடியில் ஒரு மெக்கானிக் பாயோடு சேர்ந்து இரண்டு வருடமாகச் சரிசெய்தேன். எஞ்சின் வேலையெல்லாம் அவர் பார்த்தார். பெயிண்ட் மட்டும் நானே அடிப்பேன் என்று அடம்பிடித்தேன். தன் கையே தனக்குதவி என்று அவரிடம் பழமொழி வேறு சொன்னேன்.

பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போன அன்று பிரேக் நன்றாகப் பிடித்தது, விளக்கெல்லாம் எரிந்தது. கடைசியாக இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, "சேஸ் நம்பர் எங்கங்க?" என்றார். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் அந்த எண்ணின் மேலேயே மூன்று பூச்சு கறுப்புப் பெயிண்டை அப்பியிருந்தேன்! சுரண்டினால் எண் சிதைந்துவிடும். எண் தெரியாவிட்டால் வண்டி ரோட்டுக்கு வராது.

கூட வந்திருந்த பாய் சிரித்தார். "அண்ணே, பெயிண்ட் அடிச்சீகளா, சுவரு பூசுனீகளா? கொஞ்சம் இங்குட்டுத் தள்ளுங்க."

பழந்துணியால் அழுத்தித் துடைத்தார். பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது, உள்ளே எண் பளிச்சென்று இருந்தது. துருப்பிடிக்காமலிருக்க அவர் என்றோ அங்கே கிரீஸ் தடவியிருக்கிறார். நான் அதைக்கூடத் துடைக்காமல் பெயிண்ட் அடித்திருக்கிறேன்; கிரீஸ் மேல் பெயிண்ட் ஒட்டவே இல்லை.

"அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாதும்பாக. உங்க அவசரம் நம்பரக் காப்பாத்திருச்சுண்ணே!"

வண்டி பாஸானது. இன்றும் கொத்தமங்கலம் பக்கம் அதை ஓட்டிப் போகும்போது பாயை நினைத்துக்கொள்வேன். தன் கை என்று நான் பெருமையடித்தபோது, மறுபேச்சில்லாமல் பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.