மெத்தைக்காரரும் நாலு இருபதும்

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா. கூச்சப்படாதீங்க. வீட்டுல எப்படிப் படுப்பீங்களோ, அப்படியே படுங்க."

சொல்லிவிட்டு மெத்தைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்நியர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்கும் உடம்பு இளகாது என்பது அவர் கட்சி. கண்ணாடிச் சுவர்ப் பக்கமாக நகர்ந்து, விலைச்சீட்டுகளைச் சரிசெய்வதுபோல் பாவனை காட்டிக்கொண்டு, மனதுக்குள் நூறு வரை எண்ணுவார். நூறு முடிந்து திரும்பும்போது படுத்தவர் ஒருக்களித்திருந்தால் வியாபாரம் முடிந்த மாதிரி. மல்லாந்து கூரையை வெறித்துக்கொண்டிருந்தால், "இது உங்களுக்கு வேணாம், அடுத்ததுக்கு வாங்க" என்று அவரே எழுப்பிவிடுவார்.

கடை நீளமானது. முப்பத்திரண்டு கட்டில்கள் இரண்டு வரிசையாகக் கிடக்கின்றன. பிற்பகலில் மேற்குக் கண்ணாடி வழியாக உள்ளே வருகிற வெயில் ஒவ்வொரு கட்டிலாக ஏறி, கொஞ்ச நேரம் படுத்திருந்து, இறங்கி அடுத்ததற்குப் போகும். வெள்ளை விரிப்புகள், தலை வைக்க ஆளில்லாத தலையணைகள், மின்விசிறியின் முனகல். அந்த வேளையில் உள்ளே நுழைகிறவர்கள் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். விலை கேட்க வந்து குறட்டை விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. "தூங்குறவங்கள நான் எழுப்புறதில்லைங்க. அவங்களே எந்திரிச்சு, வெக்கப்பட்டுக்கிட்டே வாங்கிட்டுப் போயிடுவாங்க" என்று சிரிப்பார். இருபத்திரண்டு வருட அனுபவம். பேக்கரி முதலாளி குப்புறப் படுப்பவர், பேருந்து நடத்துநர் நின்ற வாக்கிலேயே விறைத்துப் படுப்பவர், மருந்துக்கடைக்காரரின் மாமியார் தலையணையைக் காலுக்கு வைப்பவர் என்று ஊர்த் தூக்கம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, குளிர் தொடங்கும் ஆறு வாரங்களில், வலி வந்த நேரத்தில் படுக்க முடியாது.

தினமும் மாலை நாலு இருபதுக்கு அது வரும். கடிகாரத்தை அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகாணியை வைத்து முறுக்க ஆரம்பிப்பார்கள். அந்தக் கண் சிவந்து தாரை தாரையாக ஒழுகும், அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும், இமை பாதி இறங்கிவிடும். மற்றத் தலைவலி என்றால் இருட்டு அறையில் படுத்துக்கொள்ளலாம். இது படுக்க விடாது, உட்காரவும் விடாது. முக்கால் மணி நேரம், சில நாள் இன்னும் அதிகம், கூண்டில் அடைத்த பிராணியாக நடக்க வைக்கும். பிறகு வந்த மாதிரியே போய்விடும். கொத்துத் தலைவலி என்று அதற்குப் பெயர் இருப்பதே அவருக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் கடையிலிருந்த பத்தொன்பது வகைத் தலையணைகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டார். மேல்வரிசையில் நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கக் கொடுத்துவிட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு டாக்டர் அவரை உட்கார வைத்துப் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஆக்சிஜன் சிலிண்டருக்குச் சீட்டு எழுதினார். ஊசி ஒன்றும் இருக்கிறதாம், ஆனால் இவர் இதயத்துக்கு அது ஆகாதாம். "காத்தா டாக்டர் மருந்து?" என்று கேட்டுவிட்டு, கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்திருக்கிறார். டாக்டர் கேலி செய்யவில்லை. வலி ஆரம்பித்த உடனே மாஸ்கைப் போட்டு, சிலிண்டரை வேகமாகத் திறந்துவிட்டு, முன்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து இழுத்தால், பதினைந்து நிமிடத்தில் திருகாணி கழன்றுவிடுகிறது. முதல் நாள் அப்படி அது கழன்றபோது அவர் அழுதுவிட்டார்.

சிலிண்டருக்கு வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். பெயர் வைத்தது அவர் மனைவி, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். "வருஷத்துல ஆறு வாரம் வர்றார். வந்தா நல்ல மூலையாப் பாத்து நின்னுக்கிறார். அவர் பெருமூச்சு விட்டா நாம அடுப்பைப் பத்த வைக்கக் கூடாது, மெழுகுவத்தி கொளுத்தக் கூடாது, மூஞ்சியில எண்ணெய் தடவக் கூடாது. மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" நாலு மணி ஆனதும் அடுப்பு அணைந்துவிடும். அரைவேக்காட்டுக் காய் சட்டியிலேயே காத்திருக்கும்.

நாலு மணிக்குக் கடை முதலாளியிடம் தலையசைத்துவிட்டு, நாலு தெரு நடந்து வீட்டுக்கு வந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வார். பதினாறு வருடமாக அந்தத் தாழ்ப்பாள் ஒரு நாளும் தவறியதில்லை. டீச்சர் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்துவார். முன்பெல்லாம் உள்ளே நடக்கிற காலடி கேட்கும், சுவரில் எதுவோ மோதுகிற சத்தம் கேட்கும். இப்போது காற்றின் சீறல் மட்டும். அந்த ஆறு வாரத்தில் திருத்திய தாள்களில் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொஞ்சம் தாராளமாகவே விழும்.

"ஒரே ஒரு நாள் உள்ள விடுங்களேன். ஓரமா உக்காந்துக்கிறேன்" என்று டீச்சர் கேட்காத வருடமில்லை.

"வேணாம் டீச்சர். அந்த மூஞ்சிய நீ ஒரு தடவ பாத்துட்டேன்னா, அப்புறம் நல்லா இருக்கிற மூஞ்சியிலயும் அதைத்தான் தேடுவே."

வேடிக்கையாகச் சொன்னாலும் அவருக்கு நிஜமான பயம் அதுதான். வலியைக்கூடப் பழகிக்கொண்டார். மீதி நாற்பத்தாறு வாரமும் டீச்சர் தன்னைப் பாவம் பார்த்துச் சோறு போடுவார் என்ற நினைப்பை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

கதவுக்கு உள்ளே அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மாஸ்கின் பை உப்பி உப்பிச் சுருங்க, கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகப் படுக்க வைப்பார். கட்டில்கள் கடையை விட்டு வெளியே வந்து தெருவெல்லாம் நிற்கும். பேக்கரி முதலாளியைக் குப்புறப் போடுவார், நடத்துநரின் காலணியைக் கழற்றிவிடுவார், மாமியாரின் காலுக்கடியில் தலையணையைச் சொருகுவார். யாரும் பேசமாட்டார்கள். வெயில் ஒவ்வொரு போர்வையாக ஏறி இறங்கும். ஏழெட்டுப் பேர் தூங்கிப்போகும்போது தன் இடது கண் தன்னிடமே திரும்பி வந்திருப்பது தெரியும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஆள் ஒரு மாதிரி என்பார்கள்.

போன வியாழக்கிழமை மூணே முக்காலுக்கு ஒரு கணவனும் மனைவியும் கடைக்கு வந்தார்கள்.

"தலையணை வேணும் சார். இவளுக்குத் தலைவலி. எல்லாரும் தலையணைதான் சரியில்லைங்கிறாங்க. இது நாலாவது" என்றார் கணவர்.

மெத்தைக்காரர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபது எண்ணும்போது காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் இரண்டு கட்டில் வரிசைக்கும் நடுவே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கடைக்கோடி வரை போவது, திரும்பி வாசல் வரை வருவது. விரலிடுக்கில் கண்ணீர் ஒழுகியது. கணவர் பின்னாலேயே ஓடினார்.

"படுத்துக்கோம்மா. முப்பது கட்டில் கெடக்கு, படுக்க இடமா இல்ல? கொஞ்சம் படுத்துக்கோயேன்!"

தன் நடையைத் தானே வெளியே நின்று பார்ப்பது மெத்தைக்காரருக்கு அதுதான் முதல் தடவை.

"எத்தனை மணிக்கும்மா வரும்?" என்றார். என்ன செய்கிறது என்று கேட்கவில்லை.

"நாலு மணி சுமாருக்கு. தினமும். மூணு வாரமா."

"போன வருஷம்?"

"இதே மாசம்." அந்தப் பெண் ஒரு விநாடி நின்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பல்லு புடுங்கினாங்களா?"

அந்தப் பெண் ஒற்றை விரலைக் காட்டினார். மெத்தைக்காரர் தன் மேலுதட்டைத் தூக்கி இடது பக்கத்து ஓட்டையைக் காட்டினார். "எனக்கு ரெண்டு. வாங்கம்மா, வீடு பக்கத்துலதான்."

நாலு தெருவையும் அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். வழி தெரியாமலே முன்னால் போய்க்கொண்டிருந்தவரை, "லெஃப்ட்டும்மா, லெஃப்ட்டு!" என்று பின்னாலிருந்து மெத்தைக்காரர் ஓட்டிக்கொண்டு போனார். கணவர் மனைவியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தார்.

"டீச்சர், மாப்பிள்ளைய இவங்களுக்குக் கொடுக்கணும்."

டீச்சர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு அடுப்பை அணைத்தார். உள்ளே போய்ச் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து மெத்தைக்காரரின் காதருகே சொன்னார். "ஒருத்தருக்குத்தாங்க வரும்." அந்த வாரம் விடியற்காலையிலும் ஒரு தடவை வலி வந்துகொண்டிருந்ததால் காற்று சீக்கிரம் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சிலிண்டர் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் வரும்.

"தெரியும்" என்றார் அவர். மணி நாலு பத்து.

ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவருக்குத் தரக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். டாக்டருக்குப் போன் போட்டார். நல்லவேளை, உடனே எடுத்தார். நெஞ்சில், நுரையீரலில் ஏதாவது கோளாறு உண்டா, புகைபிடிப்பாரா, காய்ச்சல் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டு, "சரி, கொடுங்க. நாளைக்கு என்னை வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு, "உங்களுக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கு டாக்டர்."

உறையிலிருந்து புது மாஸ்க் ஒன்றைப் பிரித்து மாட்டினார். தன் நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்கார வைத்தார். கணவர் பக்கத்தில் நின்றுகொண்டார். "முன்னாடி சாஞ்சுக்குங்க. ஆழமா இழுங்க. பை முழுசா சுருங்கணும். அவசரமே வேணாம்மா, அது தன்னால போகும்." சாவியைத் திருப்பினார். காற்று சீறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஏன் வாயைக் கொடுத்தோம் என்று ஒரு கணம் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வெளியே வந்து கதவை அவரே சாத்தினார்.

கதவுக்கு இந்தப் பக்கம் கூடம்தான் இருந்தது. சமையலறை இரண்டடி அகலம். குளியலறையில் நடக்க இடமில்லை. மாடிப்படியில் அக்கம்பக்கத்தார். இடது கண்ணுக்குப் பின்னால் முதல் முறுக்கு விழுந்தது.

"டீச்சர், கொஞ்சம் வெளிய போய் நில்லேன்."

"போகல."

"தயவு பண்ணி..."

டீச்சர் விடைத்தாள் கட்டை எடுத்து அலமாரி மேல் போட்டார். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினார். மேஜையைத் தூக்கி நிமிர்த்திச் சாய்த்தார். பாயைச் சுருட்டினார். பிறகு சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டார். வாசலிலிருந்து ஜன்னல் வரை ஒன்பது அடி வைக்கலாம். அவ்வளவும் அவருக்காகக் காலியாகக் கிடந்தது.

அவர் நடந்தார். ஜன்னலை நோக்கிப் போகும்போது டீச்சர் பக்கம் வலது கன்னம் இருந்தது, கவலையில்லை. திரும்பி வரும்போது இடது கன்னம். அப்போதெல்லாம் உள்ளங்கையை விரித்து அந்தப் பாதி முகத்தை மூடிக்கொண்டார். போவது, வருவது, மூடுவது. தெருவில் கட்டில்களை விரித்துப் பார்த்தார். படுக்க ஒருவரும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முனகினார். என்ன முனகினார் என்று அவருக்கே தெரியாது.

நாலு முப்பதுக்குக் கதவு திறந்தது. அந்தப் பெண்ணின் முகம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. "போயிடுச்சு" என்றார், நம்ப முடியாமல். அதற்குள் கூடத்தில் நடப்பவரைப் பார்த்துவிட்டார். பின்னால் வந்த கணவரும் பார்த்தார். "ஐயோ, என்ன சார் ஆச்சு? கொஞ்சம் படுத்து..." என்று அவர் தொடங்கியதும் மனைவி அவர் வாயைப் பொத்தினார். டீச்சரைப் பார்த்தார். கலங்கிய கண்ணோடு தலை குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கணவரை இழுத்துக்கொண்டு ஓசைப்படாமல் படி இறங்கினார்.

உள்ளறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. நாற்காலி காலி. போய்த் தாழிட்டுக்கொள்ள இப்போது ஒரு தடையும் இல்லை. மெத்தைக்காரர் அந்த வாசல் வரை போனார், உள்ளே பார்த்தார், திரும்பினார். ஜன்னல் வெயில் அவர் இடது பக்கம் முழுவதும் விழுந்தது: சிவந்து ஒழுகுகிற கண், தொங்கிய இமை, கோணிப்போன வாய். கையை இறக்கியிருந்தார். நேராக டீச்சருக்கு முன்னால் வந்து நின்று, சிவப்பு மை படிந்த அந்தக் கையைப் பிடித்து, தன் உள்ளங்கை இத்தனை நேரம் மூடியிருந்த இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்.