பாட்டு வருது, பேச்சு வரல

படம் ஓடும், சத்தம் வராது: இந்த ஒரு புகாரை நம்பித்தான் பெங்களூரில் என் அடுப்பு எரிகிறது. பாகம் பாகமாக வாங்கி வந்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் சேர்த்த புண்ணியவான்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். ஆசையாகப் படத்தைப் போட்டு, ஊமைப் படம் பார்த்து, ஸ்பீக்கரைத் தட்டி, கடைசியில்தான் எனக்குப் போன் வரும்.

ஊமை மானிட்டர்

ஒக்கலிபுரத்தில் முருகன் என்று ஒருவர். எல்லாவற்றையும் தானே மாட்டியதில் அவருக்கு ஏகப் பெருமை. உள்ளே கலர் லைட் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் பார்த்து மனுஷன் களைத்துவிட்டார். விஷயம் இதுதான்: கம்ப்யூட்டர் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், படம் போகிற கேபிள் வழியாகவே மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மானிட்டருக்கோ ஸ்பீக்கரே கிடையாது. செட்டிங்கில் ஒரு க்ளிக், வீடே அதிர்ந்தது. காபி கொண்டுவந்த அவர் மனைவி சொன்னார்:

“பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைக்கூட விடலண்ணா இவரு, ஒரே பேஜாரு. கடைசில வாயில்லாததுகிட்ட போய்ப் பேசச் சொல்லியிருக்காரு!”

காணாமல் போன வசனம்

காக்ஸ் டவுன் டீச்சர் வீட்டில் வேறு கூத்து. பாட்டு கேட்கிறது, மழை கேட்கிறது, கதாநாயகன் வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் சத்தத்தை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து வைத்திருந்தார்கள். பேச்சு நடு ஸ்பீக்கருக்கு. டீச்சரிடம் இருந்ததோ இரண்டே ஸ்பீக்கர். செட்டிங்கை இரண்டுக்கு மாற்றினேன், வசனம் வந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். “குரல் எங்கயும் போகாது டீச்சர், உள்ளதான் இருக்கும், எடுக்கத் தெரியணும்” என்று அளந்துவிட்டேன். டீச்சர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்:

“எங்க சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்றேம்பா, போன குரலையே கூட்டிட்டு வர்ற ஆளுன்னு!”

கோட்டு போட்ட அப்பா

சொன்னபடி சொல்லியும்விட்டார். சந்தாபுராவிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு அம்மா போன் செய்தார். “டீச்சர் சொன்னாங்கண்ணா. எங்க கல்யாண சிடியில பாட்டு வருது, பேச்சு வரல.” அதே வியாதி, அதே மருந்து என்று உற்சாகமாகக் கிளம்பினேன்.

மகன் சேர்த்த கம்ப்யூட்டரில் சிடி ஓடியது. ரிசப்ஷன் மேடையில், இரவல் கோட்டு போட்ட ஒரு ஒல்லியான மனிதர் மைக்கைப் பிடித்துப் பேசுகிறார். வாய் அசைகிறது, கேட்பதெல்லாம் ஒரு டூயட். “எங்கப்பா. கோலார் தங்க வயல்ல சுரங்கத்துல இருந்தவரு. இப்ப இல்ல. அவரு குரல் வேற எதுலயும் இல்லண்ணா. அன்னிக்கு எனக்காக என்ன பேசினாருன்னு கேக்கணும்” என்றார் ஜெசிந்தா.

எனக்குத் தெரிந்த செட்டிங் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பாட்டு தெளிவாகிக்கொண்டே போனது. வீடியோக்காரர் மண்டபத்துச் சத்தத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் பாட்டை ஒட்டியிருக்கிறார். அடியில் ஒன்றும் இல்லை. அந்த ஸ்டுடியோவும் எப்போதோ மூடியாகிவிட்டதாம். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். வாயைக் கொடுத்து ஒரு பெண்ணுக்கு ஆசை காட்டிவிட்டோமே என்ற ஆற்றாமையில் வீடியோக்காரர் மேல் பாய்ந்தேன். “யாரைக் கேட்டும்மா பாட்டைப் போட்டான் அந்த ஆளு?”

ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் அப்பா பேசி முடித்து, மைக்கைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்னைக் கேட்டுத்தாண்ணா போட்டாரு. அப்பா மைன்ஸ் பேச்சு பேசுவாரு, எங்க ஆபீஸ்ல பாத்தா சிரிப்பாங்க, அந்த எடத்துல பாட்டு போட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன்.”

இப்போதெல்லாம் சத்தம் வரவில்லை என்று யார் கூப்பிட்டாலும், ‘கேபிளைப் பாருங்க’ என்பதோடு என் வாய்க்கும் ஒரு மியூட் போட்டுக்கொள்கிறேன்.