மேடைக்குப் பின்னால் சொன்ன ஆறுதல்

இன்று அச்சுவேலியில் ஒரு கோயில் திருவிழா. அயல்வீட்டுத் தர்சிகாவுக்கு முதல் வயலின் கச்சேரி. மேடைக்குப் பின்னால் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏலாது மாமா. நான் வீட்டை போறன்."

ஆறுதல் சொன்னேன். "பயப்பிடாதை பிள்ளை. பூசை பிந்திப்போச்சு. சுவாமி இப்ப வெளிவீதிக்கு வந்திடும், சனமெல்லாம் பின்னாலை போயிடும். ஒருத்தரும் நீ வாசிக்கிறதைக் கேக்கமாட்டினம்."

அவள் முகம் சிவந்தது. "அப்ப நான் ஆருக்கு இவ்வளவு நாளும் பழகினனான்? நீங்கள் முன்னுக்கு இருங்கோ. பாதியிலை எழும்பிப் போய்ப் பாருங்கோ, தெரியும்!"

முன்வரிசையில் இருந்த என்னை முறைத்தபடியே வாசித்தாள். வில் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. மேளச் சத்தம் கேட்டது. என்னைத் தவிர முன்வரிசை முழுவதும் எழுந்து போனது.

எத்தனையோ கூட்டங்களில் பாதியில் எழுந்து போன செய்தியாளன் நான். இன்று சுவாமி வீதி சுற்றி முடியும்வரை அசையவில்லை. பயம் இப்போது என்னிடம் இருந்தது.

நீங்கள் என்றால் எழும்பியிருப்பீர்களா?