குமாரி ஏறிய கார்

"அண்ணி, வாரா வாரம் பத்திரிகையில என்னென்னமோ எழுதறீங்க... என் காரைப் பத்தி ஒரு வாரம் எழுதினா ஆகாதா?"

கேட்டது என் கொழுந்தன் தனசேகர். குப்பத்தில் கிரானைட் வியாபாரம். சமீபத்தில் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கியிருக்கிறான். நகரியில் எங்கள் தெருவுக்குள் அது நுழைந்தபோது தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தவர்கள் உண்டு.

எழுத வேண்டுமென்றால் ஏறிப் பார்க்க வேண்டுமே? திருப்பதியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. சனிக்கிழமை காலை அவனோடு கிளம்பினேன்.

புத்தூர் வருவதற்குள் எனக்கு முழு வகுப்பே எடுத்துவிட்டான். வேகம் முன் கண்ணாடியிலேயே தெரியும். குறுக்கே ஏதாவது வந்தால் ரேடார் பார்த்துத் தானே பிரேக் போடும். ஸ்போர்ட் மோடில் போட்டால் இன்ஜின் உறுமும். சீட்டுக்குள்ளிருந்தே குளிர்காற்று வர ஒரு பட்டன் இருக்கிறது.

"நின்ன இடத்துலேர்ந்து நூறைத் தொட நாலே செகண்டு, அண்ணி."

"நாலு செகண்டுல நூறைத் தொட்டு எங்க போகப் போற?"

"எங்கயும் இல்ல... போகும்னு தெரிஞ்சாலே ஒரு இதுதானே."

வடமாலப்பேட்டை தாண்டியதும் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு ரோட்டுக்கு நடுவே வந்துவிட்டார். வண்டி நின்றது. ஓரத்தில் வேப்பமர நிழலில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாம்பு கட்ச்சிடுச்சி நைனா. வேர்க்கடலை புடுங்கிக்கினு இருந்தா. ஆம்புலன்ஸ் தூரத்துல கீதுன்றாங்க. கொஞ்சம் திருப்பதி வரைக்கும்..."

கைகூப்பியவர் பெயர் முனிரத்தினம். அந்தப் பெண் அவர் மனைவி குமாரி.

தனசேகர் பின் சீட்டைப் பார்த்தான். பால் நிற லெதர். குமாரியின் புடவை முழுக்கச் செம்மண். ஒரே ஒரு நொடிதான். இறங்கிக் கதவைத் திறந்தான்.

ஏற்றுவதே பெரும்பாடு. ஸ்போர்ட்ஸ் கார் இல்லையா... தரையோடு தரையாக இருக்கிறது. கடிபட்ட கால் அசையாமல் ஓர் ஆளை உள்ளே படுக்க வைக்க மூன்று பேர் திணறினோம். முனிரத்தினம் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால், குமாரியின் காலைப் பிடித்துக்கொண்டு.

கார் பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நாலு செகண்ட் என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் ரோட்டில் சின்னதாக ஒட்டுப் போட்ட இடம் வந்தாலும் தூக்கிப் போட்டது. குமாரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

"தனசேகர், குலுங்குதுப்பா."

"ஸ்போர்ட் மோடுல சஸ்பென்ஷன் இறுகிடும் அண்ணி. இருங்க." ஸ்கிரீனில் எதையோ தட்டினான். இன்ஜின் மட்டும் அதே வேகத்தில் உறுமியது. அடியில் மெத்தை போட்டது போல ஆகிவிட்டது.

"கண்ணு சொக்குதுக்கா," என்றார் குமாரி. "தூக்கம் வரலை. இமைதான் தானா மூடிக்குது."

"பேசிக்கினே இரு குமாரி," என்றார் முனிரத்தினம், திரும்பாமலே. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

நூற்று முப்பது. ஒரு லாரியை முந்தினோம். அடுத்த விநாடி, பக்கத்துச் சந்திலிருந்து பால் கேனோடு ஒரு பைக் ரோட்டில் ஏறியது.

டக்கென்று பெல்ட் என்னை இறுக்கியது. குமாரி உருளாமல் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கார் நின்றே விட்டது. பைக்குக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். பைக்கில் வந்தவர் எங்களை வெறித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

தனசேகர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

"நான் பிரேக்கை மிதிக்கலை அண்ணி. என் கால் அதுகிட்ட போகவே இல்ல."

"சரி. எடு வண்டியை."

எடுத்தான். இந்த முறை எண்பதுக்கு மேல் போகவில்லை.

ஊருக்குள் இன்னொரு சோதனை. பஸ், ஆட்டோ, பக்தர்கள் வந்த வேன்கள்... அத்தனை குதிரைசக்தியும் ஒரு ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் நின்றது. குமாரியின் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. தனசேகர் கண்ணாடியை இறக்கி, சிக்னலில் நின்ற போலீஸ்காரரிடம், "பாமு கரிச்சிந்தி சார்," என்று பாம்பு கடித்ததைத் தெலுங்கில் சொன்னான். அவர் பின் சீட்டில் எட்டிப் பார்த்தார். நடு ரோட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டி மொத்தப் போக்குவரத்தையும் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். சாயங்காலம் வரை மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வந்து "பிழைச்சுக்குவாங்க" என்று சொன்னபோது முனிரத்தினம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தனசேகர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

எவ்வளவு வேகமாகப் போகும் என்றுதான் எல்லாரும் காரைப் பற்றிக் கேட்கிறோம். எப்படி நிற்கும் என்று யாராவது கேட்கிறோமா?

போன வாரம் முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். குமாரியே எடுத்தார். குரல் தெளிவாக இருந்தது. கார் எப்படி இருந்தது என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"சீட்டுக்குள்ளேர்ந்து சில்லுனு காத்து வந்துச்சிக்கா. சரி, செத்துட்டோம் போலன்னு நெனச்சிக்கினேன்."

தனசேகரிடம் சொன்னேன். அந்தக் குளிர்காற்றுப் பட்டனை அவன் இப்போது தொடுவதே இல்லை.